ஐம்பத்தொன்பதாம் பல்

நம் வீட்டுப் பின்கட்டில் ஒரு மில்லிங் மெஷின் நிற்கிறது. மதரஸாவில் ஓதி, அரபும் தமிழும் கற்பித்துப் பிழைக்கும் ஓர் ஆசிரியரின் இல்லத்தில் கிதாபுகள் அடுக்கியிருப்பதே உலக வழக்கம். இரும்புச் சுருளும் ஆயில் வாடையும் அங்கே எவ்வாறு குடியேறின என்று நம்மைக் காண வருவோர் வியப்பதுண்டு. மெஷின் நம்முடையதன்று, நம் அத்தாவுடையது.

மதுரை நூற்பாலை ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஃபிட்டராக உழைத்து 2001ஆம் ஆண்டு ஓய்வு பெற்றபோது, கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதியை அத்தா இதற்கே கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் மூடப்பட்ட பட்டறை ஒன்றிலிருந்து மகபூப்பாளையத்திற்கு அது லாரியில் வந்து இறங்கிய அன்று அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பின்னர் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிகள் பம்பு ஷாஃப்டுகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கீவே வெட்டிக்கொண்டு போகத் தொடங்கியதும் அந்த மௌனம் தானாகவே கலைந்தது.

நாமோ பதினான்கு வயதில் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்திற்கு ஓதப் போய்விட்டோம். மூத்த மகன் கையில் ஸ்பேனரைப் பிடிப்பான் என்று அத்தா எண்ணியிருந்தார்களோ என்னவோ, ஒருநாளும் அதனை வாய்விட்டுச் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை. ஐம்பது வயதைக் கடந்த பின்னும் அந்த மெஷினின் எந்தக் கைச்சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றினால் மேசை எந்தப் பக்கம் நகரும் என்பதை நாம் அறியோம்.

கண்ணழுத்த நோயால் அத்தாவுக்குப் பார்வை மெல்ல மெல்லக் குறைந்து, இப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்ற அளவில் நிற்கிறது. ஆறாண்டுகளாக மெஷின் ஓடவில்லை. சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த சில நாட்களில் பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்தார். கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொன்னார். அத்தா கோபப்படவில்லை. "ஓட்டத் தெரிஞ்ச ஆள் வீட்ல இல்லேன்னா எடைக்குப் போறதுதான்ப்பா சரி. துருப்பிடிச்சு நிக்கிறதுக்கு அது மேல்" என்றார்கள். அன்றிரவு தஹஜ்ஜுத் நேரத்தில் நாம் எழுந்தபோது பின்கட்டில் அரவம் கேட்டது. விளக்கில்லாமல் அத்தா மெஷினின் மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு அவர்களுக்கு எதற்கு!

விடிந்ததும் நாம் இரண்டு மாதத் தவணை கேட்டோம். ஒரே ஒரு சக்கரத்தை நம் கையால் வெட்டிக் காட்டுகிறோம்; தேறாவிட்டால் எடைக்காரரை நாமே அழைத்து வருகிறோம் என்றோம். என்ன சக்கரம் என்று அத்தா கேட்டார்கள். 59 பல் என்றோம். "அதென்ன 59? அறுபது போட்டா என்ன?" என்றார்கள்.

அது ஏன் என்பதைச் சொல்லிவிடுவோம். சந்திர மாதம் சில நேரம் 29 நாளும் சில நேரம் 30 நாளும் வருவதேன் என்று பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். நாமும் ஆண்டுதோறும் கரும்பலகையில் வட்டம் வரைகிறோம். அல்பீரூனி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உஸ்துர்லாப் பற்றி எழுதிய நூலில் 'ஹுக்குல் கமர்', அஃதாவது சந்திரப் பெட்டி என்றொரு கருவியை விவரித்திருக்கிறார். வாரத்திற்கு ஒரு சுற்று சுற்றும் அச்சில் 7 பல் சக்கரம். அது 59 பல் சக்கரத்தை உந்தும். நாளொன்றுக்கு ஒரு பல். 29ஐயும் 30ஐயும் கூட்டினால் 59. ஆகவே பெரிய சக்கரம் ஒரு முறை சுற்றினால் இரண்டு மாதம் கழியும். அந்த அச்சிலிருந்து 19 பல், 59 பல், 24 பல், 48 பல் எனத் தொடர் நீண்டு சூரியனின் ஆண்டுச் சுற்றையும் ஏறத்தாழக் காட்டும். ஏறத்தாழ என்றுதான் சொல்ல வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 366 நாளுக்குச் சற்று மேலே வருகிறது. சந்திரக் கணக்கும் 33 மாதத்திற்கு ஒரு நாள் முந்தும். எனினும் பத்து வயதுப் பிள்ளை தன் விரலால் நாளுக்கொரு பல் தள்ளி, பிறை வளர்ந்து தேய்வதைக் கண்டுகொள்ள இதைவிட எளிய சாதனம் நமக்குத் தெரியவில்லை. சக்கரம் 60 பல்லாக இருந்தால் பிறை நான்கு மாதத்தில் இரண்டு நாள் பிழைபட்டு நிற்கும்.

நம் மகன் சிரித்தான். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஹாப்பிங் மெஷின் வைத்திருப்பவரிடம் பித்தளைத் தகட்டைக் கொடுத்தால் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் 59 பல்லும் விழுந்துவிடும் என்றான். உண்மைதான். அத்தா மட்டும், "அவன் வெட்டட்டும்" என்றார்கள். நூற்பாலையில் வாழ்ந்தவர்களுக்குப் பல்லின் எண்ணிக்கை விளையாட்டன்று. ஸ்பின்னிங் ஃபிரேமில் சேஞ்ச் வீல் என்று ஒன்றுண்டு. அதில் ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ நூலின் நம்பரே மாறிவிடும்.

பல் வெட்ட வேண்டுமானால் வட்டத்தைப் பங்கிட வேண்டும். மில்லிங் மெஷினில் கட்டர் ஓரிடத்தில் நின்று சுழல, பொருளைத் தாங்கிய மேசை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் நகரும். நேர்க்கோட்டு வேலைக்கு அது போதும். வட்டத்தைப் பங்கிட அந்த மேசையின்மேல் இன்னொரு மேசை வேண்டும். அதுவே ரோட்டரி டேபிள் என்னும் சுழல்மேசை. கனத்த வார்ப்பிரும்புத் தட்டு. பொருளைப் பூட்ட அதன் முகத்தில் 'டி' வடிவக் காடிகள். விளிம்பில் 360 பாகைக்கும் கோடுகள். உள்ளே ஒரு பற்சக்கரம். அதனோடு பொருந்தி ஓடும் மரைத்தண்டு, அதனை வார்ம் என்பர். தண்டின் முனையில் கைப்பிடி. அவ்வளவே. அத்தா இதுவரை கீவே வெட்டியே காலம் கழித்ததால் அது வாங்கப்படவில்லை.

நாம் முதலில் விரும்பியது எட்டு அங்குல மேசை. பெரிதாக வாங்கினால் பெரிதும் சிறிதும் செய்யலாமே என்பது நம் வாதம். கிதாபு வாங்கும் வழக்கத்தில் வந்த புத்தி. அத்தா நம்மை மெஷினருகே அழைத்துப்போய் மேசையின் அகலத்தைச் சாண் போட்டு அளக்கச் சொன்னார்கள். எட்டு அங்குல மேசையின் அடிப்பாகம் நம் மெஷின் மேசைக்கு வெளியே துருத்தி நிற்கும். பூட்டுவதற்கு போல்ட் இடம் கிடைக்காது. தவிரவும் சுழல்மேசையைப் படுக்க வைத்தால் அதன் உயரமே மூன்று அங்குலத்தைத் தின்றுவிடும். அதன்மேல் சக், அதன்மேல் பொருள், அதற்கு மேல் கட்டர். சிறிய மெஷினில் தலைக்கும் மேசைக்கும் நடுவே இருக்கும் வெளி இதிலேயே தீர்ந்துபோகும். "தூக்கி வைக்கவே ரெண்டு ஆள் வேணும். ரெண்டு ஆள் வேணும்னா நீ அதை எடுக்கவே மாட்டே" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் நம் சுபாவத்தையும் சேர்த்து எடைபோட்டுவிட்டார்கள். நான்கு அங்குலமோ இந்தச் சக்கரத்திற்குப் போதும்; ஆனால் மேலே ஒரு நல்ல சக்கைப் பூட்டினால் காடிகள் மறைந்துவிடும். ஆறு அங்குலம் என்று முடிவாயிற்று. படுக்கவும் நிற்கவும் கூடியதாக இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. கட்டர் செங்குத்தாக நிற்கும் அச்சில் சுழலும் மெஷினில் பல் வெட்ட, சக்கரத்தின் அச்சு கிடையாக இருக்க வேண்டும். ஆகவே சுழல்மேசை எழுந்து நின்றே தீரவேண்டும்.

புதியதன் விலை நம் சம்பளத்திற்கு எட்டாதது. பழைய கருவிகள் விற்கும் கடை ஒன்று கோவையில் இருப்பதாக அறிந்து ஒரு ஞாயிறன்று அத்தாவுடன் விடியற்காலைப் பேருந்தில் ஏறினோம். பார்வையற்றவரை அழைத்துக்கொண்டு கருவி வாங்க வந்திருக்கிறாரே இந்த ஹஸரத் என்று கடைக்காரர் நினைத்திருக்கக்கூடும். அடுத்த அரை மணி நேரத்தில் அந்த நினைப்பு மாறியதை அவர் முகத்தில் கண்டோம்.

மூன்று மேசைகள் எடுத்து வைக்கப்பட்டன. முதலாவதன் வண்ணம் புத்தம் புதிது. அத்தா பூட்டை விடுவிக்கச் சொல்லி, தட்டின் எதிரெதிர் விளிம்புகளைப் பிடித்து ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் தூக்கினார்கள். மெல்லிய 'டக்' ஒன்று கேட்டது. வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். தட்டு மேலெழுந்து ஆடுமானால் கட்டர் கடிக்கும்போது பொருளும் ஆடும். அதனைச் சரிசெய்ய வீட்டில் வழியில்லை.

இரண்டாவதில் அந்த ஆட்டம் இல்லை. கைப்பிடியைச் சிறிது வலமும் இடமும் அசைத்து, தட்டு நகராமல் கைப்பிடி மட்டும் எவ்வளவு வெறுமையாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். பட்டறையில் இதனை ப்ளே என்பார்கள். மரைக்கும் பல்லுக்கும் இடையே உள்ள இடைவெளி அது. எந்த மேசையிலும் சிறிதேனும் இருந்தே தீரும். நாம் அதோடு முடிந்தது என்று எண்ணினோம். அத்தா தட்டைக் கால்வட்டம் சுற்றி மறுபடி அசைத்தார்கள், பிறகு அரைவட்டம், பிறகு முக்கால். ஓரிடத்தில் ப்ளே இரட்டிப்பாக இருந்தது. "ஒரே வேலையை ஒரே இடத்துல வச்சு வருசக்கணக்கா பாத்திருக்காங்க. அந்தப் பக்கம் மட்டும் தேஞ்சிருச்சு" என்றார்கள். ஒரே அளவான தேய்மானத்தை வார்மை நெருக்கிச் சரிசெய்யலாம். ஒரு பக்கம் தேய்ந்ததை நெருக்கினால் தேயாத பக்கம் இறுகி நின்றுவிடும். நல்ல இடத்தில் மட்டும் தொட்டுப் பார்த்து வாங்கியிருந்தால் நாம் அதைத்தான் வாங்கியிருப்போம்.

மூன்றாவது பார்வைக்கு அழுக்கு. முகத்தில் ட்ரில் பட்ட தழும்பு ஒன்று. ஆனால் நான்கு திசையிலும் ப்ளே ஒரே அளவு. பூட்டை இறுக்கும்போது தட்டு நகர்கிறதா என்று விரல் நுனியை விளிம்பிலும் அடிப்பாகத்திலும் ஒருசேர வைத்துப் பார்த்தார்கள், நகரவில்லை. கைப்பிடி 40 சுற்றுக்கு மேசை ஒரு சுற்று என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். அத்தா நம்மைச் சுற்றச் சொல்லி எண்ண வைத்தார்கள். 40 வந்தது, மேசை பாதிகூடச் சுற்றவில்லை. 90இல் கோடும் கோடும் சேர்ந்தன. கடைக்காரரிடம் கபடம் இல்லை. அவர் ஒருநாளும் சுற்றிப் பார்த்ததில்லை, அவ்வளவே. 40, 72, 90 என்று பல விகிதங்களில் இம்மேசைகள் வருகின்றன. 40இல் கைப்பிடிச் சுற்று ஒன்றுக்கு 9 பாகை, 72இல் 5, 90இல் 4. இதைத் தவறாகக் கொண்டு வெட்டிய சக்கரம் எந்த யந்திரத்திற்கும் உதவாது. அந்த அழுக்கு மேசையையே வாங்கி, சாக்கில் கட்டி, பேருந்தில் காலடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினோம். ஒருவரே தூக்க முடிந்தது.

வீட்டில் அதைக் கழுவி ஆயில் இட்டு, அடிமுகத்தில் இருந்த சிறு பிசிறுகளைக் கல்லால் தேய்த்து, மெஷின் மேசையில் நிறுத்திப் பூட்ட ஒரு பகல் முழுவதும் கழிந்தது. டயல் கேஜின் முள்ளை வைத்து, தட்டின் முகம் மெஷினின் ஓட்டத்திற்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கில் பிடித்த பொருள் மையத்தில் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டரின் நடுத்தளம் சரியாக அந்த அச்சின் உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிடில் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து பிறக்கும். மையத்தைத் தேடி முள் ஆடி அடங்கியபோது நமக்கு உஸ்துர்லாபின் உறுப்புகள் நினைவுக்கு வந்தன. தாய்த்தட்டுக்கு உம்மு, நட்சத்திரங்கள் பதித்த வலைக்கு அன்கபூத், அஃதாவது சிலந்தி, எல்லாவற்றையும் கோத்து நடுவே அசையாது நிற்கும் ஆணிக்குக் குத்பு. இறைநேசச் செல்வர்களுக்கு நாம் வழங்கும் அச்சொல் ஓர் ஆணியின் பெயராகவும் இருப்பதை முப்பதாண்டுகளாகப் பாடம் சொல்லியிருக்கிறோம். முள் நின்ற அந்த இடத்தில்தான் முதன்முறையாக அதைக் கண்ணால் பார்த்தோம்.

இனிக் கணக்கு. கைப்பிடியில் துளைத்தகடு பூட்டிப் பங்கிடுவது ஒரு முறை. 90ஐ 59ஆல் வகுத்தால் ஒரு சுற்றும், 59இல் 31 பங்கும். 59 துளைகள் கொண்ட வட்டம் தகட்டில் இருந்தால் வேலை எளிது. கடைக்காரர் கொடுத்த தகடுகளில் 49க்கு மேல் இல்லை. 59 பகா எண்; சுருக்கவும் முடியாது. கவராயமும் கோலும் மட்டும் கொண்டு வட்டத்தை 59 ஆக்க இயலாது என்பதும் கணித நூலார் முடிவு. எஞ்சியது பாகைக் கணக்கு. நம் மேசையின் கைப்பிடி வளையத்தில் நிமிடக் கோடுகளும், பக்கத்தில் 10 விநாடி வரை காட்டும் வெர்னியரும் உண்டு.

360ஐ 59ஆல் வகுக்க உட்கார்ந்தோம். 6 பாகை வந்தது. மிச்சத்தை அறுபதால் பெருக்கி வகுத்தால் 6 நிமிடம். அதன் மிச்சத்தை மறுபடி அறுபதால் பெருக்கி வகுத்தால் 6 விநாடி. அடுத்ததும் 6. அதற்கடுத்ததும் 6. கணக்கில் பிழை என்று எண்ணி இரண்டு முறை அழித்து எழுதினோம். பிழையன்று, அறுபதைவிட ஒன்று குறைந்த எண்ணால் வகுத்தால் அறுபதின் அடுக்கில் அதுவே மீண்டும் மீண்டும் வரும். பழைய அரபு வானியலார் இவ்வெண்களை அப்ஜத் எழுத்துகளால் எழுதினார்கள்: அலிஃப் 1, பே 2, ஜீம் 3, தால் 4, ஹே 5, வாவ் 6. ஆக, பீரூனியின் சக்கரத்தில் ஒரு பல்லின் அளவை அவர்கள் எழுத்தில் எழுதினால் வாவ், வாவ், வாவ், வாவ் என்று முடிவின்றி நீளும். அரபு இலக்கணத்தில் வாவ் என்பது தமிழின் எண்ணும்மை. 'இதுவும், அதுவும்' என்பதில் வரும் 'உம்'. ஒரு பல்லின் அளவு 'உம், உம், உம்' என்று போய்க்கொண்டே இருக்கிறது! இந்த மகிழ்ச்சியை நாம் யாரிடம் சொல்வது? அத்தாவிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடைசி ஆறை விட்டுட்டு வெட்டினா என்ன ஆகும், அதச் சொல்லு" என்றார்கள்.

அதுதான் கேள்வி. விநாடியை விட்டுவிட்டு ஒவ்வொரு பல்லுக்கும் 6 பாகை 6 நிமிடம் மட்டும் கூட்டிக்கொண்டே போனால், 59 பல் முடியும்போது சரியாக 6 நிமிடம் குறையும். ஒவ்வொரு பல்லிலும் கண்ணுக்குத் தெரியாதது கடைசிப் பல்லின் தலையில் மொத்தமாக இறங்கும். நம் சக்கரத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே அத்தாவின் கட்டளை: முந்திய பல்லோடு கூட்டாதே; ஒவ்வொன்றையும் சூனியத்திலிருந்து எழுதிவை. 59 வரிகள் எழுதினோம். பத்தாவது நகர்வு 61 பாகை 1 நிமிடம் 1 விநாடி. இருபதாவது 122, 2, 2. முப்பதாவது 183, 3, 3. பத்துக்கொரு முறை வழி தவறவில்லை என்று சொல்லும் மைல்கல் போல அவை நின்றன.

மாட்யூல் 1 அளவு. வெளிவிட்டம் 61 மில்லிமீட்டர். பள்ளத்தின் ஆழம் 2.25. 55 பல்லிலிருந்து 134 பல் வரை ஒரே கட்டர். பித்தளை வட்டைப் பூட்டித் தொடங்கினோம். அத்தா முக்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியைச் சுற்று, கோட்டைச் சேர், பூட்டை இறுக்கு, கட்டரை ஓட்டு, திரும்பி வா, பூட்டை அவிழ். பூட்டாமல் வெட்டினால் கட்டரின் அடி முழுவதும் வார்மின் பல்லில் விழும். அவிழ்க்காமல் சுற்றினால் நம் பலம் முழுவதும் அதே பல்லில் விழும். இரண்டு பிழையையும் நாம் ஒவ்வொரு முறை செய்தோம். அத்தா ஒலியிலேயே கண்டுபிடித்து நிறுத்தினார்கள்.

38ஆம் பள்ளத்திற்கு 225 பாகை 45 நிமிடம் 46 விநாடி. வாசலில் யாரோ அழைத்த குரலுக்குத் திரும்பிப் பார்த்ததில் கை கோட்டைத் தாண்டிக் கால் பாகை போய்விட்டது. பின்னுக்குச் சுற்றிக் கோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினோம். கோடு கோடுதானே! பூட்டினோம், வெட்டினோம். அத்தாவிடம் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். ஆயினும் அடுத்த பள்ளத்திலிருந்து கடைசி வரை மனம் அந்த இடத்திலேயே நின்றது.

59 பள்ளமும் முடிந்தபின் அத்தா அறுபதாவது முறையும் ஓட்டச் சொன்னார்கள். அப்போது கட்டர் முதல் பள்ளத்தின் வழியே மறுபடி போக வேண்டும். கணக்கு தவறியிருந்தால் ஒரு பக்கச் சுவரை உரசி ஒலிக்கும். கட்டர் சத்தமின்றிப் போய் வந்தது. நமக்கு உயிர் வந்தது. சக்கரத்தைக் கழற்றித் துடைத்து அத்தாவின் உள்ளங்கையில் வைத்தோம்.

கட்டைவிரல் நகத்தைப் பற்களின் மேல் வைத்து, மிக மெதுவாகச் சக்கரத்தைச் சுற்றினார்கள். தஸ்பீஹ் மணி உருள்வது போல நகம் ஒவ்வொரு பல்லாகத் தாண்டிற்று. பாதிக்கு மேல் போய் நின்றது. பின்னுக்கு வந்தது. மறுபடி முன்னுக்குப் போயிற்று.

"இங்க ஒரு பல்லு தடிச்சிருக்கு. அதுக்கு அடுத்தது மெலிஞ்சிருக்கு" என்றார்கள். சிறிது நேரம் கழித்து, "கணக்கு தப்பல. தப்பியிருந்தா எல்லாப் பல்லும் மாறியிருக்கும். இது ஒண்ணுதான். தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கே" என்றார்கள்.

காலிப்பர் வைத்துப் பார்த்தோம். இரண்டு பல்லுக்கும் வித்தியாசம் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. நம் மேசையின் ப்ளே ஏறத்தாழ 20 நிமிடம். நாம் தாண்டிப் போனது 15. கைப்பிடி திரும்பி வந்தது அந்த வெறும் இடைவெளிக்குள்ளேயே. தட்டு தாண்டிய இடத்திலேயே நின்றிருக்கிறது. கோட்டில் நின்றது கைப்பிடி மட்டும், மேசையன்று. அறுபதாவது ஓட்டம் இதைக் காட்டாது. ஏனென்றால் பட்டியலைச் சூனியத்திலிருந்து எழுதியிருந்ததால் மற்ற 58 பள்ளங்களும் அவற்றின் இடத்தில்தான் இருந்தன.

ஆமாம் அத்தா, தாண்டிவிட்டேன், சொல்லவில்லை என்றோம். அவர்கள் திட்டவில்லை. நாம் வேலூருக்குப் புறப்பட்ட நாளிலும் அவர்கள் திட்டவில்லை. "தாண்டுறது எல்லாருக்கும் உண்டு. தாண்டினா, கோட்டுக்குத் திரும்பி வராதே. ஒரு முழுச் சுத்து பின்னால போ. போயிட்டு, முதல்ல எந்தப் பக்கமிருந்து வந்தியோ அந்தப் பக்கமிருந்தே மறுபடி வா" என்று கைப்பிடியை நம் கையோடு சேர்த்துப் பிடித்துச் சுற்றிக் காட்டினார்கள். ஐம்பத்து நான்கு வயதில் அத்தா நம் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தது போல இருந்தது. அந்தக் கைகள் இன்னும் சொரசொரப்பாகவே இருக்கின்றன.

இரண்டாம் சக்கரத்தை மறுவாரம் தொடங்கினோம். 38ஆம் பள்ளத்தருகே வந்ததும் நம் கை தானாகவே மெதுவாயிற்று. 51இல் மீண்டும் தாண்டினோம். பின்னால் ஒரு முழுச் சுற்றுப் போய் மறுபடி வந்தோம். இம்முறை வாய்விட்டுச் சொன்னோம். "கேட்டுச்சு" என்றார்கள் அத்தா.

எடைக்காரர் சொன்ன தவணையில் வந்தார். நம் மகன் அவருக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்க, அத்தா திண்ணையில் அமர்ந்து இரண்டாம் சக்கரத்தை நகத்தால் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று சுற்று. எங்கும் நிற்கவில்லை. பிறகு நம்மை அழைத்து, இதனோடு சேரும் 7 பல் சக்கரத்தை எப்போது வெட்டப் போகிறாய் என்று கேட்டார்கள்.

அங்கேதான் சிக்கல். கடையில் கிடைக்கும் கட்டர் வரிசை 12 பல்லிலிருந்துதான் தொடங்குகிறது. 7 பல்லுக்கு அதைப் போட்டால் பல்லின் அடியே அரிந்துபோகும் என்றோம். அப்படியானால் அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று அத்தா கேட்டார்கள். இஸ்பஹானைச் சேர்ந்த முஹம்மது இப்னு அபீபக்ர் ஹிஜ்ரி 618இல், அஃதாவது 1221-22இல் செய்த பற்சக்கர உஸ்துர்லாப் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுமையாக எஞ்சியுள்ள பற்சக்கர யந்திரங்களில் அதுவே மிகப் பழையது என்பர். மகன் கைபேசியில் அதன் படத்தை எடுத்து நம்மிடம் காட்ட, நாம் பார்த்துச் சொன்னோம்: பற்கள் வளைவாக இல்லை, அத்தா; எல்லாம் முக்கோணமாக இருக்கின்றன.

"முக்கோணமா?" என்றார்கள். "அப்போ கட்டர் எதுக்கு? என் பெட்டியில முக்கோண அரம் இருக்கு, எடுத்துட்டு வா."